குப்பைப் பெட்டி ஏன் கேள்வி கேட்கிறது

போன கிழமை, என் இடத்துக்கு வேலைக்கு வந்த உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும். சுகம் விசாரிக்கவில்லை. ஓய்வு எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டீர்கள்: "அக்கா, மெயிலைக் குப்பைப் பெட்டிக்கு அனுப்பேக்க ஒவ்வொருக்காலும் 'இது குப்பைதானா, உறுதியா' எண்டு கேக்குது. கந்தோரில எல்லாரும் என்னைத்தான் திட்டுகினம். அந்தக் கேள்வியை நிப்பாட்டேலாதா?"

நிறுத்தலாம். வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு வருடமாக நான் ஏன் அதை நிறுத்தவில்லை என்பதை முதலில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்க நேரமில்லை என்றால் உங்கள் பாடு.

நான் வேலை செய்தது, உங்களுக்குத் தெரியும், திருகோணமலைத் துறைமுக வீதியில் இருக்கும் இதே கப்பல் முகவர் நிறுவனத்தில். ஒரு கப்பல் வருகிறதென்றால் அதற்குத் தண்ணீர், எண்ணெய், சாப்பாட்டுச் சாமான், சுங்கம், குடிவரவு, வைத்தியர் என்று கரையில் பார்க்க வேண்டிய அத்தனையையும் பார்ப்பது முகவரின் வேலை. கப்பலின் கப்டனுக்கு இந்த ஊரில் வேறு ஒருவரையும் தெரியாது. அவர் எழுதுவது எங்களுக்கு, நம்புவதும் எங்களைத்தான். அந்தக் கந்தோரில் இருந்த எல்லாக் கணினிக்கும் நான் ஒருத்தி. பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்வெட்டுக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

எங்கள் முகாமையாளருக்கு ஒரு கொள்கை இருந்தது. கணினிக்குள் ஓடும் எதற்கும் காசு கொடுக்கக் கூடாது. "சும்மா கிடைக்குதுதானே மிஸ், பிறகென்னத்துக்கு வாங்குவான்?" என்பார். சும்மா கிடைத்தது பழுதானால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று நான் கேட்டால், "நீங்கள் இருக்கிறீங்கள்தானே" என்பார். ஆக, அவருக்குச் சும்மா கிடைத்தது மென்பொருள் மட்டுமில்லை.

இலவச மென்பொருள் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதை வைத்துத்தான் சோறு தின்றேன். ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும், எனக்கு அது கிடையாது. புதிய பதிப்பு வந்தால் ஒன்றைத் திருத்தி இரண்டைக் கெடுக்கும். வழிகாட்டியில் 'இது மிக இலகு' என்று தொடங்கும் பக்கத்தை நம்பாதீர்கள். இலகு என்றால் அப்படி ஒரு பக்கமே எழுதியிருக்க மாட்டார்கள். உதவிக் குழுவில் போய் 'இதை எப்படிச் செய்வது' என்று கேட்டால், 'ஏன் அதைச் செய்ய விரும்புகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பார்கள். எத்தனை தரம் அந்த இடத்தில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் மின்னஞ்சலைக் காவல் காத்தது அப்படி ஒரு இலவசச் செயலிதான். குப்பை அஞ்சல்களை வடிகட்டுவது அதன் வேலை. லொத்தர் விழுந்திருக்கிறது, மொட்டைத் தலையில் முடி வளரும், ஆபிரிக்காவில் ஒரு விதவை உங்களுக்குச் சொத்து எழுதியிருக்கிறாள் என்று வரும் கடிதங்களை அது ஒதுக்கிவிடும். எது குப்பை என்று அதற்குப் பிறப்பிலேயே தெரியாது. நாங்கள் எதைக் குப்பைப் பெட்டிக்குள் தள்ளுகிறோமோ அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். அதில் வரும் சொற்கள், எழுதிய விதம், வந்த திசை எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே சாயலில் ஒன்று வந்தால் தானே தள்ளிவிடும்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒரு கடிதத்தை அழிக்கும் பொத்தானை அழுத்தினால் 'உறுதியா?' என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்கும். குப்பைப் பொத்தானோ எதுவும் கேட்காது. அழுத்தினால் கடிதம் கண்ணைவிட்டுப் போய்விடும்.

எங்கள் நஸீர் இதை முதலில் கண்டுபிடித்தார். நஸீர் கிண்ணியாக்காரர், கப்பலுக்குப் போய்க் கப்டனோடு பேசிக் காரியம் முடிக்கும் அலுவலர். கடலில் எவ்வளவு அலை அடித்தாலும் ஏணியில் ஏறிவிடுவார். கணினிக்கு முன்னால் இருத்தினால் மட்டும் அவருக்குப் பொறுமை போய்விடும். ஒரு கப்பல் புறப்பட்டுப் போனதும் அந்தக் கப்பலின் கடிதங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தெரிவுசெய்து குப்பைப் பொத்தானை ஒரே அழுத்து. பெட்டி சுத்தம்.

"அழிக்கப் போனா ஆயிரம் கேள்வி கேக்குது அக்கா," என்றார் நான் கேட்டபோது. "இது சத்தமில்லாமப் போயிரும். பிறகு தேவைப்பட்டா அங்கதான கிடக்கும்."

ஒருவர் செய்தால் போதும், கந்தோர் முழுக்கப் பரவிவிடும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் குப்பைப் பொத்தான்தான் விளக்குமாறு. கணக்குப் பகுதியும் அப்படி, முகாமையாளரும் அப்படி. வேண்டாம், அதைத் தொடாதீர்கள், அது பார்த்துப் பழகும் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், சுற்றறிக்கை அனுப்பினேன். சுற்றறிக்கையையும் வாசித்துவிட்டுக் குப்பைப் பொத்தானை அழுத்தினார்கள்.

சரி, மனிதரைத் திருத்த ஏலாது, பொத்தானையாவது திருத்துவோம் என்று அந்தச் செயலியை எழுதியவருக்கு எழுதினேன். அவர் குளிர்நாடு ஒன்றில் இருக்கும் ஒரு மனிதர். பகலில் வேறெங்கோ வேலை, இதை ஆசைக்குச் செய்கிறார். 'அழிக்கும்போது கேட்பதுபோலக் குப்பைக்கு அனுப்பும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். இல்லாவிட்டால் ஆட்கள் இதை விளக்குமாறாகப் பாவிக்கிறார்கள்' என்று பொறுமையாக விளக்கி எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. 'அழித்தால் தொலைந்துவிடும், ஆகவே கேட்கிறோம். குப்பைப் பெட்டியில் எதுவும் தொலைவதில்லை, ஆகவே கேட்பதில்லை.' வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

நான் மறுபடியும் எழுதினேன். 'உங்களுக்கு வேண்டுமானால் அதற்கான நிரலை நீங்களே எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்றார். எனக்குத் தலை வெடித்தது. நான் நிரல் எழுதத் தெரிந்தவளாக இருந்தால் உனக்கு ஏனப்பா எழுதுகிறேன்? அதைத் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டுக் கணினியை மூடினேன்.

இனிக் கப்பல் கடிதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கப்டன்மார் எழுதுவது எப்போதும் ஆங்கிலத்தில், முழுப் பெரிய எழுத்தில். நலமா என்று ஒரு சொல், அதன்பிறகு அவசரம், தயவுசெய்து உடனே பதில் தரவும், மீண்டும் அவசரம். அனுப்பும் முகவரி ஏதோ செய்மதி நிறுவனத்தினுடையது, பாதி எண்ணும் பாதி எழுத்தும். ஆபிரிக்க விதவையின் கடிதத்தையும் ஒரு நேர்மையான கப்டனின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விதவையின் கடிதம்தான் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அதோடு எங்கள் ஆட்கள் பழைய கப்பல் கடிதங்களை நாள் தவறாமல் குப்பைக்குள் தள்ளித் தள்ளி அந்தச் செயலிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் கந்தோர் வாசலில் திரியும் மான்களைப் பார்த்திருப்பீர்கள், கச்சான் கடலை சுற்றிய கடதாசியும் தின்னும், சுங்கப் பத்திரத்தையும் தின்னும். எங்கள் செயலியும் அந்த நிலைக்கு வந்திருந்தது.

ஒரு நாள் காலை துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து நஸீருக்கு அழைப்பு. கோதுமை ஏற்றிவந்த ஒரு பழைய கப்பல் குடாவுக்கு வெளியே வந்து நிற்கிறது, எங்கள் கப்பல்தான். கப்டன் வானொலியில் கத்துகிறாராம்: கப்பல் சமையற்காரருக்குக் கடும் காய்ச்சல், காலில் பட்ட காயம் புரையோடி நினைவு தப்பித் தப்பி வருகிறது, நேற்றிலிருந்து முகவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு பதிலும் இல்லை, உங்கள் ஊரில் முகவர் இருக்கிறாரா செத்துவிட்டாரா?

நஸீர் என் மேசைக்கு ஓடி வந்தார். "எனக்கு ஒரு கடிதமும் வரல்ல அக்கா. அல்லாவே, வரல்ல."

வந்திருந்தது. குப்பைப் பெட்டியைத் திறந்து கப்பலின் பெயரைப் போட்டதும் வந்து நின்றது. சமையற்காரர் கடும் சுகவீனம், உடனே கரைக்கு இறக்க வேண்டும், வைத்தியரோடு படகு அனுப்பவும், நோயாளி பற்றிய விபரம் அடுத்த கடிதத்தில். எல்லாம் முழுப் பெரிய எழுத்தில்.

அதன்பிறகு கந்தோர் நடந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முகாமையாளரே தொலைபேசியைக் கையில் எடுத்தார். சுகாதார அனுமதி, லோஞ்ச் படகு, அம்புலன்ஸ், வைத்தியர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கு செய்தார். மற்ற நாளில் இழுபடும் அலுவல் எல்லாம் அன்றைக்கு மளமளவென்று நடந்தது. நஸீர் வைத்தியரோடு லோஞ்சில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு விட ஏலவில்லை. 'விபரம் அடுத்த கடிதத்தில்' என்று அந்த மனிதர் எழுதியிருக்கிறார். அடுத்த கடிதம் எங்கே?

குப்பைப் பெட்டியில் இல்லை. கப்பலின் பெயர், அனுப்பியவரின் முகவரி, எதைப் போட்டுத் தேடினாலும் பழைய கடிதம்தான் வந்தது. கப்டன் அலைச்சலில் எழுத மறந்திருக்கலாம். செய்மதித் தொடர்பு அறுந்திருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வானொலியில் கத்தியவர் ஒரு கடிதத்தோடு நிறுத்தியிருப்பாரா?

முகாமையாளர் பின்னால் வந்து நின்றார். "இப்ப என்னத்துக்கு மிஸ் இன்னும் அதுக்குள்ள கிண்டிக்கொண்டிருக்கிறீங்கள்? கடிதம் கிடைச்சிட்டுது, படகும் போட்டுது. கப்பல் கம்பனிக்காரர் விளக்கம் கேக்கினம். இது எப்பிடி நடந்தது எண்டு ஒரு அறிக்கை எழுதித் தாங்கோ முதல்ல."

"இன்னொரு கடிதம் இருக்கு சேர்."

"இருந்தா வரும்தானே."

"வந்திட்டுது சேர். எங்கயோ கிடக்குது."

"ஆளை ஏத்த ஆள் போயிட்டுது. இனி அந்தக் கடிதத்தில என்ன இருந்தா என்ன? அறிக்கையை எழுதுங்கோ."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொழும்பிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு, அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் மேலே இருப்பவர் கேட்பதைக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அறிக்கை எங்கும் ஓடிப்போகாது. நான் "எழுதிறன் சேர்" என்று சொல்லிவிட்டு எழுதவில்லை. இதை உங்களுக்கு ஒரு பழக்கமாகச் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

அந்தச் செயலியில் குப்பைப் பெட்டிக்குக் கீழே இன்னொரு கிடங்கு உண்டு. குப்பையாக இருக்கலாம் என்று நினைப்பதை அது குப்பைப் பெட்டியில் போடும், எல்லோரும் பார்க்கலாம். சந்தேகமே இல்லை, இது குப்பைதான் என்று அது முடிவு கட்டுவதை அந்தக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிடும். அதை என்னால் மட்டும்தான் திறக்க முடியும். திறந்தால் உள்ளே தேடும் வசதி கிடையாது. அதையும் ஒரு காலத்தில் அந்தக் குளிர்நாட்டு மனிதரிடம் கேட்டிருந்தேன், நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றிருந்தார். ஆகவே கண்ணால்தான் தேட வேண்டும், ஒவ்வொரு தலைப்பாக.

அந்தக் கிடங்குக்குள் என்ன இருந்தது என்று ஒரு குடும்பப் பெண் எழுதுவதற்கில்லை. ஆண்மைக்கு மாத்திரை, நித்திரைக்கு மாத்திரை, மெலிவதற்கு மாத்திரை, தலைமுடிக்கு மாத்திரை. உலகத்தில் இருக்கும் அவ்வளவு மாத்திரை வியாபாரிகளும் எங்கள் கந்தோருக்கு எழுதியிருந்தார்கள். நான் உருட்டிக்கொண்டே போனேன். முகாமையாளர் தன் அறையிலிருந்து "மிஸ், அறிக்கை" என்று இன்னொரு தரம் கூப்பிட்டார். காது கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

மெலிவதற்கும் தலைமுடிக்கும் நடுவில் கிடந்தது. தலைப்பு முழுப் பெரிய எழுத்தில்: சமையற்காரருக்கு மருந்து, அவசரம். மருந்து என்று இருந்ததால் தாண்டிப் போயிருப்பேன். சமையற்காரர் என்ற சொல்தான் என் விரலை நிறுத்தியது. மாத்திரை விற்கிறவன் சமையற்காரனுக்கு என்று தனியாக விற்க மாட்டான்.

திறந்தேன். நோயாளியின் வயது, காயம் பட்ட விதம், கப்பலில் அதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. வரிக்கு வரி மருந்துப் பெயர். அதைப் பார்த்துத்தான் எங்கள் அறிவுக் கொழுந்து இது மாத்திரை வியாபாரி என்று முடிவு கட்டியிருக்கிறது. கடைசி வரியில் கப்டன் எழுதியிருந்தார்: ஒரு குறிப்பிட்ட ஊசி மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒரு துறைமுகத்தில் போட்டபோது தொண்டை வீங்கி மூச்சடைத்து, தெய்வாதீனமாகத்தான் பிழைத்தார், தயவுசெய்து வைத்தியரிடம் சொல்லவும்.

நஸீரின் எண்ணைப் பிழையாக அழுத்தி, திரும்ப அழுத்தினேன். லோஞ்ச் இன்னும் குடாவுக்கு வெளியே நின்றால் தொடர்பு கிடைக்காது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"நஸீர், டொக்டர் பக்கத்தில நிக்கிறாரா?"

"ஓம் அக்கா. ஆளை இறக்கிட்டம், திரும்பி வாறம், லோஞ்சிலதான் படுக்க வச்சிருக்கு. காய்ச்சல் கொதிக்குது, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுக்கிறான். டொக்டர் ஊசி போட மருந்து எடுக்கிறார்."

"நிப்பாட்டச் சொல்லுங்க. போனை அவரிட்டக் குடுங்க."

இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தி அந்த மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"அதைத்தான் கையில வச்சிருக்கிறன்," என்றார் வைத்தியர். பிறகு, "சரி. வேற இருக்கு. நல்லது மிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கப்டன் ஏன் நேரில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவர்மேல் கோபப்பட்டேன். ஆனால் யோசித்தால், அவர்தான் எழுதிவிட்டாரே. எழுதியதை முகவர் வாசித்திருப்பார், வாசித்துத்தான் வைத்தியரோடு படகு வந்திருக்கிறது என்று அவர் நம்பியிருக்கிறார். முதல் கடிதம் எங்களுக்குக் கிடைத்தபடியால்தான் இரண்டாவது கிடைக்காதது ஒருவருக்கும் தெரியாமல் போனது. ஒன்றும் கிடைக்காமல் இருந்திருந்தால் நஸீர் ஏணியடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருப்பார். பாதி கிடைப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நான் கதிரையிலேயே இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். முகாமையாளர் அறிக்கை கேட்க வந்தவர், திரையில் இருந்த கடிதத்தை வாசித்தார். போய் எனக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அவர் கையால் நான் குடித்த ஒரே தேநீர் அதுதான்.

மறுநாள் பழையபடி ஆகிவிட்டார். "இதுக்கு ஆர் இப்பிடிப் பழக்கினது எண்டு பாக்கலாமோ மிஸ்?" என்று கேட்டார். பார்க்கலாம். யார் எவ்வளவு தள்ளினார்கள் என்று அதில் பதிந்திருக்கும். பார்த்தேன். நஸீர் இரண்டாம் இடம்தான். "எல்லாருமா சேந்துதான் சேர்," என்று சொல்லிவிட்டேன். முதலாம் இடத்துக்காரரிடம் வேறு என்ன சொல்வது? அவர் உடனே இந்தக் கண்டறியாத செயலியைத் தூக்கி எறிந்துவிட்டுக் காசுக்கு ஒன்று வாங்குவோம் என்றார். விலையைக் கேட்டபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் அதன் நினைவு முழுவதையும் துடைத்து, பிறந்த குழந்தையாக்கி, மறுபடியும் முதலிலிருந்து பழக்கினேன்.

சமையற்காரர் காலோடும் உயிரோடும் ஆசுபத்திரியிலிருந்து வந்தார். ஊருக்கு விமானம் ஏறுமுன் நஸீர் அவரைக் கந்தோருக்குக் கூட்டிவந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தன்னைப் பற்றிய கடிதம் எந்தப் பெட்டியில் கிடந்தது என்று பார்க்க வேண்டுமென்றார். மாத்திரைக் கிடங்கைத் திறந்து காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு அந்தக் குளிர்நாட்டு மனிதருக்கு எழுதினேன். திட்டித்தான் எழுதத் தொடங்கினேன், பக்கம் பக்கமாக வந்தது. எழுதிய வரைவு எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று கேட்டது. கடைசியில் சமையற்காரரின் பெயரை நீக்கிவிட்டுக் கப்டனின் இரண்டு கடிதங்களையும் வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, கீழே ஒரு வரி எழுதினேன்: 'நீங்கள் சொன்னது சரி. எதுவும் தொலையவில்லை. எல்லாம் பத்திரமாக அங்கேயே இருந்தது.'

பதில் வரவில்லை. குப்பைப் பெட்டியிலும் பார்த்தேன், கிடங்கிலும் பார்த்தேன். உண்மையாகவே வரவில்லை. ஆனால் அடுத்த பதிப்பு வந்தபோது குப்பைப் பொத்தானை அழுத்தினால் கேள்வி கேட்டது. கிடங்குக்குள் தேடும் வசதியும் வந்திருந்தது. முதல் நாளே என் மேசைக்கு ஓடி வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நஸீர்தான்.

"அக்கா, இப்ப இதுவும் கேள்வி கேக்குது. இதை நிப்பாட்டேலாதா?"

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு முகம் மெல்ல மாறியது. "சரி, சரி," என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். பிறகு கேட்கவேயில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியைக் கேட்கும் வரி செயலியின் நிரலில் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த இடத்துக்குப் போனால், வரிக்கு மேலே அந்த மனிதர் ஒரு குறிப்பு வைத்திருப்பதைக் காண்பீர்கள். விளக்கம் இல்லை, வணக்கம் இல்லை, அவர் வழக்கம்போல இரண்டே வரி: 'இதை எடுக்க வேண்டாம். ஏனென்று திருகோணமலையில் கேளுங்கள்.'

நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். இனி அந்த வரியை அழிப்பதானால் அழியுங்கள். அழிக்கும்போது 'உறுதியா?' என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அழியுங்கள்.